சொந்தத் தொழில்காரர்கள் இரவில் எப்படித் தூங்குகிறீர்கள்?

ஊசிநூல் | ஹட்டன் | இரவு 2.10

வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிறவன்தான், எழுதியதில்லை. இன்றைக்கும் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். கட்டுநாயக்கப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இருந்துவிட்டு 2019இல் ஊருக்கு வந்து ஒரு மெஷினோடு தொடங்கினேன். இப்போது ஐந்து இருக்கிறது. அதில் ஓவர்லாக் இரண்டும் லீசிங், அதாவது மாதத் தவணைக்கு எடுத்தது. இரண்டு பிள்ளைகள் என்னிடம் வேலை செய்கிறார்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் முதலாளி.

தொடங்கிய மறுவருடமே கொரோனா. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதும் மிதி மெஷினை வைத்துச் சமாளித்தேன். அதெல்லாம் ஊருக்கே வந்த கஷ்டம், அதனால் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது வந்திருப்பது எனக்கு மட்டும் வந்தது மாதிரி இருக்கிறது.

போன தீபாவளி நன்றாகப் போனது. அந்தத் தைரியத்தில் நத்தாருக்கும் ஜனவரி யூனிஃபோமுக்கும் என்று கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் செக் கொடுத்து 140,000 ரூபாய்க்குத் துணி எடுத்தேன். நவம்பர் கடைசியில் டித்வா புயல். மண் சரிந்து பாதைகள் மூடிக் கிடந்தன. டவுனுக்கு வந்தவர்களும் அரிசி, மண்ணெண்ணெய் வாங்க வந்தார்களே தவிர பிளவுஸ் தைக்க வரவில்லை. யூனிஃபோம் வேலை ஜனவரியில் வந்தது. ஆனால் பாதிப் பேர் போன வருடத்துக் கவுனையே கொண்டுவந்து அடி மடிப்பை அவிழ்த்து நீட்டித் தரச் சொன்னார்கள். அதற்கு என்ன காசு கேட்பது? எத்தனையோ பேர் வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்திருக்கும்போது கீறல்கூட விழாத கடையை வைத்துக்கொண்டு நான் கஷ்டம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

லீசிங் மாதம் 18,600. கடை வாடகை 20,000. செக் திகதி அடுத்த மாதம் 12. மனைவியின் சங்கிலி வங்கியில் அடகில் இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். டவுனில் ஒருவரிடம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 50,000 வாங்கியிருக்கிறேன், அது தெரியாது.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சில் யாரோ முழங்கையை ஊன்றின மாதிரி. வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, யோசனையைக் குறையுங்கள் என்றார்கள். எப்படிக் குறைப்பது என்று சொல்லவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தேத்தண்ணிக்கடை | மஸ்கெலியா | காலை 5.32

தம்பி, எனக்கு நல்லதண்ணிப் பாதையில் கடை. சிவனொளிபாத மலை சீசன் டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும். அந்த ஆறு மாதமும் இரவிரவாகக் கடை திறந்திருக்கும், தூங்க நேரமில்லை. மிச்ச ஆறு மாதம் கடை பூட்டியிருக்கும், தூக்கமில்லை.

சிரிக்கத்தான் எழுதினேன். ஆனால் பொய் இல்லை.

ஸ்டேண்ட்நம்பர்9 | ஹட்டன் | காலை 6.15

அண்ணே, ஹட்டனில் எந்தத் தெரு? நான் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓடுகிறேன், தெரிந்த ஆளாக இருக்கும்போல.

புயலுக்குப் பிறகு ரயில் பாதை உடைந்து கிடந்த நாட்களில் நாங்களும் ஸ்டேண்டில் கேரம் விளையாடிக்கொண்டுதான் இருந்தோம். அப்போது எல்லாரும் 2022 கதையைத்தான் சொன்னோம். பெட்ரோலுக்குக் கியூ, பிறகு பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து கிழமைக்கு 5 லீட்டர். ஐந்து லீட்டரில் ஒரு ஆட்டோக்காரன் எத்தனை நாள் ஓடுவான்? மூன்று தவணை பிந்தி, ஒருநாள் காலையில் லீசிங்காரர்கள் வண்டியைச் சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில். நல்லவேளை, பிள்ளைகள் உள்ளே இல்லை. பிறகு அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் மீட்டேன். இன்றைக்கும் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் கிட்ட வந்தால் உடம்பு பதறும்.

ஊசிநூல் | ஹட்டன்

தெருவைச் சொன்னால் கடையைச் சொன்ன மாதிரி. வேண்டாம் தம்பி. கடன்காரன் என்று டவுனில் பேர் வந்தால் யாரும் முற்பணம் தரமாட்டார்கள்.

லீக்ஸ்காரன் | ராகலை

எங்களுக்கு வெயிலும் மழையும் விலையும் மூன்று முதலாளி. கரட் நன்றாக விளைந்தால் எல்லார் தோட்டத்திலும் விளைந்திருக்கும். லொறி கூலிக்கும் காணாது. விலை ஏறும் நாளில் என் பாத்தியில் ஒன்றும் இருக்காது. 2021இல் ரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள்தான், ஆனால் எடுத்த அன்றைக்கே கோவா முளைத்துவிடுமா? அந்தப் போகத்தில் போன காசு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்று. விற்பதற்கு முன் விற்ற மாதிரி நினைத்துச் செலவு பண்ணுவதை விட்டேன். ஊசிநூல் தம்பி, தீபாவளி லாபத்தை வைத்து நத்தாருக்குத் துணி எடுத்தீர்களே, அது நான் ஒரு போகத்து லாபத்தை அப்படியே அடுத்த போகத்து விதைக் கிழங்கில் போட்ட கதை. ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை மண்ணில் போட வேண்டும். இதை நான் நாற்பத்தெட்டு வயதில் படித்தேன்.

டோஹாக்காரன்

இவ்வளவு தொழில் தெரிந்த மனிதர் ஏன் அங்கே கிடந்து சாகிறீர்கள்? தையல் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு இரண்டு வருடம் வாருங்கள், எல்லாக் கடனும் தீரும்.

ஊசிநூல் | ஹட்டன்

பதினொரு வருடம் வெளியூரில் இருந்துவிட்டுத்தான் வந்தேன். என் மூத்த மகள் என்னை "மாமா" என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. அதை இன்னொரு தடவை கேட்க முடியாது. மன்னியுங்கள், கோபத்தில் எழுதவில்லை.

பழையரெகவரி | கண்டி

ஒன்பது வருடம் ஒரு நிதி நிறுவனத்தில் ரெகவரியில், அதாவது தவணை தவறியவர்களிடம் காசு அறவிடும் பிரிவில் இருந்தேன். இப்போது சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன், அதாவது நானும் சொந்தத் தொழில்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் நேராகச் சொல்கிறேன்.

லீசிங்காரனுக்கு உங்கள் மெஷின் வேண்டாம். பழைய ஓவர்லாக்கை வைத்து அவன் என்ன செய்வான்? அவனுக்கு வேண்டியது தவணை. ஆகவே தவணை தவறுவதற்கு முன்னால் நீங்களாகக் கிளைக்குப் போங்கள். முன்னால் போனால் முகாமையாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். தவறிய பிறகு போனால் என்னை மாதிரி ஆள்தான் பேசுவான். போனை அணைத்து வைக்கிறவனின் கோப்புதான் எப்போதும் மேலே வரும், அதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்ட அனுமதி கேளுங்கள். கேட்பதை எழுத்தில் கேட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அவர்கள் தருவதையும் எழுத்தில் வாங்குங்கள். "சரி சரி பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார். தவணையை நீட்டினால் மொத்தத்தில் எவ்வளவு கூடும் என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள், அது இலவசச் சலுகை இல்லை. அநியாயமாக நடத்தினால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கிரிப்பை, அதாவது கடன் தகவல் பணியகத்தைப் பற்றி எல்லாரும் பேய்க்கதை சொல்வார்கள். கிரிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்று வங்கிகள் அனுப்புவதை அது அறிக்கையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

செக் வேறு விஷயம். கணக்கில் காசில்லாமல் செக் திரும்பினால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி அது குற்றமாகவும் ஆகலாம். 12ஆம் திகதி வரை காத்திருக்காமல் அந்த வியாபாரியை இப்போதே கூப்பிடுங்கள். கொழும்பு மொத்தக்காரர்கள் இதை ஆயிரம் தடவை பார்த்தவர்கள். அவர்கள் மன்னிக்காதது செக் திரும்புவதை, பிந்துவதை அல்ல.

கடைசியாக அந்த நூற்றுக்குப் பத்து. 50,000க்கு மாதம் 5,000 வட்டி. பத்து மாதத்தில் வட்டி மட்டும் 50,000 போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். உங்கள் கடன்களில் தொகையில் சின்னது இதுதான், விஷம் கூடியதும் இதுதான். தங்க விலை நன்றாக ஏறியிருக்கிறது. அடகில் இருக்கும் அதே சங்கிலிக்கு வங்கி இப்போது கூடுதலாகத் தரக்கூடும். அந்தக் காசில் இதை ஒரே அடியில் முடித்துவிடுங்கள், வங்கி வட்டி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் நகை மனைவி பேரில் இருந்தால் அவர்தான் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஆகவே சொல்லாமல் முடியாது.

பசறைஅக்கா

நகையில் இன்னும் கூட எடுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படித்தான் என் தாலிக்கொடி ஏலத்துக்குப் போனது. ஒரு சீட்டுப் பிடித்து முதல் சீட்டை எடுத்துக் கட்டினால் போதாதா?

பழையரெகவரி | கண்டி

அக்கா, நகை மீட்க முடியாமல் போவது உண்மைதான். ஆனால் மாதம் பத்து வீதம் என்பது நகையையும் தின்று கடையையும் தின்னும். சீட்டு பிடிக்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

தேத்தண்ணிக்கடை | மஸ்கெலியா

சீட்டா! எங்கள் ஊரில் ஒருவர் இருபது பேர் சீட்டோடு நடுச்சாமத்தில் போனவர், இன்னும் வந்து சேரவில்லை.

பசறைஅக்கா

நான் பதினாறு வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறேன், ஒரு நாளும் நடுச்சாமத்தில் போகவில்லை. தோட்டத்து லயத்துப் பொம்பிளைகளுக்கு வங்கி கடன் கொடுக்காத காலத்தில் பிள்ளையின் புத்தகமும் சப்பாத்தும் சீட்டுக் காசில்தான் வந்தது. ஓடுகிறவன் எதிலும் ஓடுவான்.

குழு லோனைப் பற்றிப் பேசுங்கள் பார்ப்போம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரையும் அவள் வாசலில் உட்காரவைத்த கூத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். அக்கம்பக்கத்துச் சிநேகிதம் எல்லாம் அதோடு முறிந்தது.

பழையரெகவரி | கண்டி

அதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். "வட்டி 20 வீதம்தான்" என்று ஒரு லட்சம் கொடுத்து, மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு மாதம் வாங்குவார்கள். கணக்கு நேராகத் தெரியும். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். அவர்கள் கடைசி வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கு வட்டி போடுகிறார்கள். உண்மை வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 35 வீதம். எந்த லோனிலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வட்டி குறைந்து போகும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?

சோத்துப்பார்சல் | தலவாக்கலை

தம்பி ஊசிநூல், நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், நானும் நான்கு வருடம் மலைக்குப் போனேன். இப்போது பகல் சாப்பாட்டுப் பார்சல் போடுகிறேன், கடைகளுக்கும் இரண்டு அலுவலகத்துக்கும். நாளைக்கு அறுபது, எழுபது பார்சல் போகும். விடுமுறை வந்தால் பதினைந்து.

2024 வரைக்கும் எனக்கும் இதேதான். நாளெல்லாம் அடுப்படியில் நிற்பேன், இரவில் படுத்தால் இன்றைக்கு நான் உழைத்தேனா இல்லையா என்றே தெரியாது. கையில் காசு இருக்கும். அது அரிசிக்கடைக்காரனுடையதா, எனதா, மகனின் டியூஷனுக்கா? எல்லாம் ஒரே டப்பாவில். காசு நிறைய இருக்கும் நாளில் கோழி எடுப்பேன், இல்லாத நாளில் அழுவேன். அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்க அட்டை கடிச்சாலும் குளிர்ல நனைஞ்சாலும் சாயந்தரம் பேர் விழுந்துச்சான்னு தெரிஞ்சிடும். பேர் விழுந்துட்டா அன்னைக்குத் தூங்கிடுவோம். ஒனக்கு யாரு பேர் போடுறா?"

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாள் வேலை செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பதிவானால் அதுதான் பேர். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். அரைப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளையை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் அந்தக் கொப்பியில் ஒரு நிம்மதி இருந்தது.

அன்றிலிருந்து நானே எனக்குப் பேர் போட ஆரம்பித்தேன். 2024இல் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 என்று அறிவித்தார்கள், அதையே என் நாட்கூலி என்று வைத்தேன். பிறகு கூட்டினேன். நாற்பது பார்சலுக்கு மேல் போனால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அந்தக் கூலியை மட்டும்தான் அன்றைக்கு வீட்டு டப்பாவில் போடுவேன். மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கடை டப்பா. வீட்டுக்குக் காணாவிட்டால் வீட்டில்தான் குறைக்க வேண்டும், கடை டப்பாவில் கை வைக்கக் கூடாது. முதல் இரண்டு மாதம் கை வைத்தேன், ஒளிக்க மாட்டேன். மூன்றாவது மாதத்திலிருந்து கடை டப்பாவில் மீதி நிற்க ஆரம்பித்தது. அந்த மீதிதான் பாடசாலை விடுமுறையில் எனக்கு அரைப் பேர் போட்டது.

இது கடனைத் தீர்க்காது. பழையரெகவரி அண்ணன் சொன்ன வழிதான் கடனுக்கு. ஆனால் இரண்டு மணிக்கு விழித்து "நான் என்ன செய்கிறேன், எங்கே போகிறேன்" என்று சுற்றிச் சுற்றி வருகிறதே, அதற்கு ஒரு கொப்பி வேண்டும். கொப்பியைத் திறந்தால் இந்த மாதம் இருபத்தொரு பேர் என்று இருக்கும். அப்போது மனசுக்குத் தெரியும், சோம்பேறியாக இருந்து கெட்டுப்போகவில்லை என்று.

இன்னொன்று. உங்கள் டவுனில் யாருடைய காசு சுற்றுகிறது? தோட்டத்துச் சம்பளக் காசு. அது பத்தாம் திகதி வாக்கில் வரும், கொஞ்சம் அட்வான்சாக மாதக் கடைசியில் வரும். உங்கள் வாடகையும் தவணையும் எந்தத் திகதியில் வைத்திருக்கிறீர்கள்? ஐந்தாம் திகதி என்றால் ஒவ்வொரு மாதமும் நாலாம் திகதி இரவு நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். நான் கடைக்காரரிடம் பேசிப் பதினைந்தாம் திகதிக்கு மாற்றினேன். அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. கேட்கத்தான் நான்கு வருடம் எடுத்தது.

லீக்ஸ்காரன் | ராகலை

அக்கா, இதை நான் அச்சடித்துக் களத்து மேட்டில் ஒட்டப் போகிறேன். ஆனால் எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் விளைச்சல். தினமும் பேர் போட்டால் டப்பாவில் என்ன இருக்கும், காற்றுதான்.

சோத்துப்பார்சல் | தலவாக்கலை

நீங்கள் விற்ற அன்றைக்கே மூன்று மாதத்துப் பேரையும் எண்ணி ஒதுக்கிவிடுங்கள் அண்ணே. வங்கியில் வேறு கணக்கில் போட்டால் இன்னும் நல்லது. டப்பா கண்ணில் படும்.

வார்ட்மிஸ் | பதுளை

நான் அரச வைத்தியசாலையில் தாதி. கடன் கணக்கு எனக்குத் தெரியாது, அதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நெஞ்சைப் பற்றி மட்டும்.

ஈசிஜி சரி என்பதால் உங்கள் நோவு பொய் என்று ஆகாது. மனம் பயந்தால் உடம்பு ஓடத் தயாராகும். தசை இறுகும், மூச்சு மேலோட்டமாகும், நெஞ்சு இறுக்கும். அதற்காக எல்லா நெஞ்சு நோவையும் யோசனை என்று தள்ளாதீர்கள். கைக்கோ தாடைக்கோ நோவு பரவினால், வியர்த்துக்கொட்டினால், நடக்கும்போது கூடினால் உடனே வாருங்கள்.

இரண்டு மணிக்கு விழித்தால் படுத்துக்கொண்டே கணக்குப் போடாதீர்கள். எழும்பி வேறு இடத்தில் உட்கார்ந்து, மனதில் ஓடுவதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, கண் சொருகும்போது போய்ப் படுங்கள். போன் வேண்டாம் (நீங்கள் இதை எழுதியதே இரண்டு பத்துக்கு). பக்கத்து வீட்டு அம்மாவின் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். கால் போத்தல் அடித்தால் தூக்கம் வரும் என்பார்கள். வரும், பிறகு பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும்.

ஒன்றை நேராகக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். செத்துப்போனால் நல்லது என்ற மாதிரி எண்ணம் வருகிறதா?

ஊசிநூல் | ஹட்டன்

மிஸ், அப்படி ஒன்றும் செய்ய நினைக்கவில்லை. ஆனால் காலையில் எழும்பாமலே இருந்தால் நல்லது என்று இரண்டு மூன்று தடவை நினைத்திருக்கிறேன். இதுவும் அதுவும் ஒன்றா?

வார்ட்மிஸ் | பதுளை

அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சொன்னது நல்லது. 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். சுமித்ராயோ என்ற உளத்துணை அமைப்பிலும் பேசலாம். மாவட்டத்துப் பெரிய வைத்தியசாலைகளில் உளநல கிளினிக் இருக்கிறது, காசில்லை. கிளினிக்குக்குப் போனால் பைத்தியம் என்பார்கள் என்று பயந்து வராமல் இருக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், ஆட்டோக்காரர்கள். அந்த எண்ணம் கூடினால் இரவோ பகலோ பார்க்காமல் நேராக வைத்தியசாலைக்கு வாருங்கள், தனியாக இருக்காதீர்கள். இன்று இரவு வீட்டில் யாரிடமாவது இந்த ஒரு வரியையாவது சொல்லுங்கள். கடனைப் பிறகு சொல்லலாம்.

ஸ்டேண்ட்நம்பர்9 | ஹட்டன்

ஆட்டோக்காரர்கள் என்று மிஸ் சொன்னது என்னைத்தான். வண்டியைச் சீஸ் பண்ணின வருடம் நான் மூன்று மாதம் கிளினிக் போனேன், ஸ்டேண்டில் யாருக்கும் தெரியாது. இப்போது ஊருக்கே தெரியும், பரவாயில்லை. அண்ணே, தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன். ஹையர் காசு வேண்டாம்.

சலூன் | பண்டாரவளை

நடுவில் ஒரு கேள்வி. நம்மை மாதிரி ஆட்களுக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லையே, வயதான காலத்துக்கு என்ன வழி? வரி வேறு வருமா?

பழையரெகவரி | கண்டி

சுயதொழில் செய்கிறவர்களும் தாங்களாக ஈடிஎஃபில் (ஊழியர் நம்பிக்கை நிதி) சேரலாம். அதோடு சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, 1996ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வருமான வரி விலக்கு 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 1,800,000. அது செலவு போக மிஞ்சும் வருமானத்துக்கு, கல்லாவில் விழும் மொத்தக் காசுக்கு அல்ல. இதற்கும் அக்கா சொன்ன கொப்பி வேண்டும். கொப்பி இல்லாதவனுக்குச் செலவும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நிர்வாகி

ஊசிநூல் எழுதி ஒன்பது நாளாகிறது. யாருக்காவது தகவல் தெரியுமா? ஸ்டேண்ட்நம்பர்9?

ஸ்டேண்ட்நம்பர்9 | ஹட்டன்

தனிமடலில் பேசினோம். ஆள் நலம். எழுதுவார்.

ஊசிநூல் | ஹட்டன் | மாலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். பிந்தியதற்கு மன்னியுங்கள்.

அன்றிரவே மனைவியிடம் மிஸ் சொன்ன அந்த வரியைச் சொன்னேன். அவர் அழுதார். மறுநாள் நூற்றுக்குப் பத்துக் கதையைச் சொன்னேன். அழவில்லை, இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. மூன்றாம் நாள் கடைக்கு வந்து உட்கார்ந்து, "பில் கொப்பியை எடுங்க" என்றார்.

கொப்பியைப் பார்த்துவிட்டு அவர் என் கடனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தைத்து முடித்து யாரும் எடுக்காமல் கிடக்கும் உடுப்புகளை எண்ணினார். முப்பத்தொன்று. சிலது தீபாவளிக்கு முன்னால் கொடுத்தது. நான் தினமும் அந்த ராக்கைக்குக் கீழேதான் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறேன். வெட்டியதற்கு, தைத்ததற்கு, பிள்ளைகளின் கூலிக்கு எல்லாம் காசு போய்விட்டது. திரும்பி வர வேண்டியது ஆணியில் தொங்குகிறது.

ஒன்பதாம் திகதி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அவரே போன் எடுத்தார். நான் எடுத்தால் "பரவாயில்லை, மெதுவாக வாங்க" என்று சொல்லிவிடுவேனாம். உண்மைதான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்று நாளில் 23,400 வந்தது.

துணி வியாபாரியிடம் பேசினேன். முதலில் கத்தினார். பிறகு பழைய செக்கைத் திருப்பித் தந்துவிட்டு மூன்றாகப் பிரித்து வாங்கிக்கொண்டார். வெட்டாத துணியில் இரண்டு உருளையைத் திருப்பி எடுக்கவும் சம்மதித்தார், நான் அதை எதிர்பார்க்கவேயில்லை. லீசிங்கில் மூன்று மாதம் வட்டி மட்டும், கடிதம் கையில் இருக்கிறது. மொத்தத்தில் கொஞ்சம் கூடுகிறது, தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன். சங்கிலி விஷயத்தில் பசறைஅக்கா சொன்னதை மனைவியும் சொன்னார். அதனால் முழுதையும் எடுக்காமல், அந்த 50,000ஐ முடிக்கத் தேவையானதை மட்டும் கூட எடுத்தோம். வட்டிக்காரர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

கிளினிக் ஒரு தடவை போனேன், அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் இன்னும் முழுதாக இல்லை. கிழமையில் இரண்டு நாள் விழிப்பு வருகிறது, எழும்பிப் போய்த் தாளில் எழுதுகிறேன். போன கிழமை எழுதியதைக் காலையில் பார்த்தால் "பித்தான் முடிந்தது" என்று மட்டும் இருக்கிறது.

பார்சல் அக்கா, பேர் கொப்பி தொடங்கிவிட்டேன். நாளைக்கு நான்கு உருப்படி முடித்தால் முழுப் பேர். பிப்ரவரியில் இதுவரை ஒன்பது முழுப் பேர், மூன்று அரைப் பேர். அரைப் பேர் போடுவது மனைவி. நான் சண்டை போட்டுப் பார்த்தேன், மாற்றமாட்டாராம்.

இப்போது அரைவாசி முற்பணம் இல்லாமல் துணி வெட்டுவதில்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். முப்பத்தொன்றில் இன்னும் எட்டு உருப்படி ஆணியில் தொங்குகிறது.

சோத்துப்பார்சல் | தலவாக்கலை

அரைப் பேர் போட ஆள் கிடைத்துவிட்டாரா, அப்போ சரி.

ஸ்டேண்ட்நம்பர்9 | ஹட்டன்

அண்ணே, அந்த எட்டில் என் காக்கிக் கால்சட்டை ஒன்றும் கிடக்கிறது என்று நினைக்கிறேன். ஒக்டோபரில் கொடுத்தது, இடுப்பு பிடிக்கச் சொல்லி. அக்காவிடம் போன் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளைக்கு முதல் ஹையர் முடிந்ததும் வருகிறேன்.